தண்ணியில மருந்து போட்டாச்சா?

அத்தியாயம் 9

நீங்கள் ஆக்கிப் போட்டதை, நீங்கள் பெற்ற பிள்ளையே முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

கோபம் வரும் என்பீர்கள். பிளாசிதாவுக்கும் முதலில் கோபம்தான் வந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கோழிகளுக்குக் கொட்டினாள். கோழிகள் அடித்துப் பிடித்துத் தின்றன.

"பாத்தியா? ஒண்ணாவது செத்துச்சா?" என்று கத்தினாள்.

டெர்லிஸ் சாயங்காலம் வரை உட்கார்ந்து அந்தக் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எதுவும் சாகவில்லை.

"கோழிய யாரும்மா கொல்லப் பாப்பாங்க? அவங்களுக்கு வேண்டியது நான்" என்றான்.

அதற்கப்புறம் பிளாசிதாவுக்குக் கோபம் வரவில்லை. அதற்குப் பதிலாக வந்ததற்கு எனக்குப் பெயர் தெரியாது.

இந்த வாரம்தான் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லூக்கே ஊரில், ரயில் நின்றுபோன தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், முற்றத்தில் மாமரம் உள்ள வீடு இவர்களுடையது. அம்மா பிளாசிதா வாசலில் மர உரலைப் போட்டுக்கொண்டு மூலிகை இடித்து விற்கிறாள். மகன் டெர்லிஸுக்கு முப்பது தாண்டிவிட்டது. இருபது வயதில் அவன் காதில் குரல்கள் பேச ஆரம்பித்தன. மூத்தவள் நிமியா, கல்யாணமாகி கபியாத்தாவில் இருக்கிறாள். அப்பா செத்துப் பல வருஷம் ஆகிறது. அவர் குடித்த கொம்புக் குவளை மட்டும் இன்னும் சுவரில் தொங்குகிறது.

டாக்டர்கள் முதலில் கொடுத்த மாத்திரை குரல்களை அடக்கியது. ஆனால் வயிற்றைத் திறந்துவிட்டது. ஒரு பை ரொட்டியை நின்றபடியே தின்பான். இனிப்புச் சோடாவைப் பெரிய பாட்டிலோடு கவிழ்ப்பான். ஒன்றும் கிடைக்காவிட்டால் பச்சை மாவை அள்ளித் தின்பான். "வயித்துக்குள்ள ஒரு நாய் கட்டிக் கெடக்கும்மா. அது என் நாய் இல்ல. ஆனா கொலைக்கறது என் வயித்துல" என்பான். ஒரு பிறந்தநாள் விருந்தில் அவன் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி நான்கு காலையும் விரித்துப் படுத்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மறுநாள் மாத்திரையை நிறுத்திவிட்டான்.

குரல்கள் திரும்பி வந்தன. இந்த முறை சாப்பாட்டைப் பற்றித்தான் பேசின. கலந்திருக்கிறார்கள், தின்னாதே என்றன. பிறகு ஆஸ்பத்திரி. டாக்டர் இப்போது எழுதிக் கொடுத்தது சொட்டு மருந்து. வீட்டுக்கு வந்ததும் அதையும் குடிக்க மாட்டேன் என்றுவிட்டான்.

வீட்டில் அவன் சாப்பிட்டதெல்லாம் கடவுள் மூடி போட்டு அனுப்பியது மட்டும்தான். ஓட்டோடு அவித்த முட்டை, அவனே உரிக்கும் வாழைப்பழம், அவனே தோல் சீவும் மரவள்ளிக்கிழங்கு, அப்புறம் தானாக விழுந்து அவன் கையால் பொறுக்கிய மாம்பழம். நாற்காலியை உடைத்த உடம்பு, சட்டைக்குள் காணாமல் போனது.

ஒன்றே ஒன்றுக்குத்தான் விலக்கு. தெரெரே.

எர்பா இலைத்தூளைக் கொம்பில் போட்டு, குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, ஒரே குழலில் எல்லோரும் மாறி மாறி உறிஞ்சுவது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. ஒரு கொம்பு, ஒரு குழல், ஒரு ஜக்கு. விஷம் என்றால் எல்லோருக்கும்தான் விஷம். "ஒண்ணா போவோம், பெட்டிச் செலவு மிச்சம்" என்று டெர்லிஸ் சொல்வான். அம்மா உறிஞ்சும்போது அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பான். தண்ணீர் இறங்குவது தெரிந்தால்தான் அடுத்த கொம்பை அவன் எடுப்பான்.

அந்தச் சொட்டு மருந்துப் பாட்டில் எங்கே போயிற்று என்று போன வாரம் நிறையப் பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். காகுப்பே மாதா சிலைக்குப் பின்னால்தான் இருக்கிறது. பிளாசிதா தினமும் காலையில் அதை எடுத்து ஜக்கில் சொட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிடுவாள். பிறகு மகனோடு உட்கார்ந்து, அவன் எத்தனை கொம்பு குடிக்கிறானோ அத்தனை கொம்பு அவளும் குடிப்பாள்.

தெரெரேக்கு உட்காரும்போது இங்கே யாரும் யாரையும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தண்ணியில மருந்து போட்டாச்சா? இலை தழை இடித்துப் போட்டீர்களா என்று அர்த்தம். மூலிகைக்கும் ஆஸ்பத்திரி மாத்திரைக்கும் இவர்களிடமும் ஒரே சொல்தான். டெர்லிஸ் தினமும் கேட்பான். அவள் தினமும் "போட்டாச்சுப்பா" என்பாள்.

கேட்டவனுக்கு அது புதினா.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

காலையிலேயே வெயில் மண்ணைச் சுட ஆரம்பித்துவிட்டது. பிளாசிதா உரலுக்கு முன்னால் உட்கார்ந்து, உலக்கையைத் தூக்கி, தூக்கிய கையோடு கண்ணயர்ந்துவிட்டாள். லாரி ஓட்டும் பக்கத்து வீட்டு லியோன்சியோ ஜக்கை நீட்டிக்கொண்டு நின்றான். வயதில் பெரிய பெண்களை இங்கே மரியாதையாக 'ஞா' என்று கூப்பிடுவார்கள்.

"ஞா பிளாசிதா! தூங்கிட்டே இடிக்கறீங்க. உரலுக்குக் கனவு வரப் போகுது."

அவள் திடுக்கிட்டு விழித்தாள். "உன் வாயப் போட்டு இடிச்சா ஊருக்குப் புண்ணியம்டா."

"அது இருக்கட்டும். நீங்க என்ன மருந்து குடிக்கறீங்க? எனக்கும் அதையே இடிச்சுக் குடுங்க. பொண்டாட்டி விடற குறட்டையில கண்ண மூடி ஒரு மாசம் ஆகுது."

உலக்கை பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு நடுங்கியது. இரண்டு மூன்று மாதமாகவே நடுங்குகிறது. வாங்க வருகிறவர்கள் பார்த்துவிட்டு எதுவும் சொல்வதில்லை. சிலர் இப்போது பேருந்து நிறுத்தத்தில் உட்காரும் இன்னொருத்தியிடம் வாங்குகிறார்கள்.

டெர்லிஸ் உள்ளேயிருந்து வந்து உலக்கையை வாங்கிக்கொண்டான். "நகரும்மா. நான் இடிக்கறேன். லியோன்சியோ மாமா, உங்களுக்கு மருந்து வேண்டாம், பஞ்சு வேணும். காதுல வைங்க."

லியோன்சியோ வயிறு குலுங்கச் சிரித்தான். பிளாசிதா மகனைப் பார்த்தாள். அடுத்தவர்களோடு வாயாடுகிறான். போன கோடையில் இதே மனுஷனைக் கண்டு கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தவன்.

லியோன்சியோ போனதும், வீட்டு ஜக்குக்கு வேண்டியதையும் அவனே இடித்தான். புதினா, எலுமிச்சைப்புல், வேலியோரத்துத் தழை ஒரு பிடி. இடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டான்.

"மத்தியானம் என்னம்மா ஆக்கப் போற?"

பிளாசிதாவுக்கு முதலில் விளங்கவில்லை. அவன் இந்தக் கேள்வியை மறந்துவிட்டான் என்றே நினைத்திருந்தாள்.

"ஏன்ப்பா?"

"சும்மாதான். சோள உருண்டை போட்டு ஒரு கோழிக் கொழம்பு வைப்பியே. வாசன நெனப்புல வந்துச்சு."

"வைக்கட்டுமா?"

"வை. எனக்குத் தனியா வேணாம். உன் தட்டுல இருந்து ஒரு கரண்டி. நீ மொதல்ல தின்னு."

"சரிப்பா" என்றாள். வேறு எதையும் சொல்லப் பயந்தாள். சத்தம் போட்டால் பறந்துவிடும் பறவையைப் போல அந்த வார்த்தை முற்றத்தில் உட்கார்ந்திருந்தது.

உள்ளே போய் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கோழியைப் பிடித்தாள். தட்டில் கொட்டியதைத் தின்று சாகாமல் இருந்த கோழிகளில் அது ஒன்று. சோளமாவையும் பாலாடைக்கட்டியையும் பிசைந்து உருட்டினாள். நடுங்கின கையால் உருட்டியதில் உருண்டைகள் கோணலாக வந்தன.

அடுப்பு எரியும்போது மாதா சிலைக்குப் பின்னால் கையை விட்டுப் பாட்டிலை எடுத்தாள். இன்றைக்கு ஒரு நாள் வேண்டாமா என்று அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் சாப்பிடக் கேட்டதே இந்தச் சொட்டு செய்த வேலைதானே?

ஜக்கில் போட்டாள்.

மாமரத்தடியில் இரண்டு நாற்காலி. டெர்லிஸ்தான் ஊற்றினான். முதல் கொம்பு எப்போதும் புனித தோமையாருக்கு. ஊற்றிவிட்டு, இலை அதை உறிஞ்சும்வரை காத்திருப்பார்கள்.

"தண்ணியில மருந்து போட்டாச்சா?" என்றான்.

"போட்டாச்சுப்பா."

"தோமையாரே, எப்படியிருக்கு?" என்று கொம்புக்குள் குனிந்து பார்த்தான். "மனுஷன் இன்னும் சாகல. நாம குடிக்கலாம்."

அம்மாவிடம் நீட்டினான். அவள் உறிஞ்சினாள். அவன் அவள் தொண்டையைப் பார்த்தான். கொம்பு திரும்பி வந்தது. அவன் குடித்தான். மறுபடி அவளுக்கு.

கொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது இங்கே யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் "எனக்குப் போதும், இனி எனக்கு ஊற்றாதே" என்று அர்த்தம். வெளியூர்க்காரர்கள் முதல் கொம்பிலேயே மரியாதைக்கு நன்றி சொல்லிவிட்டு நாள் முழுக்கத் தாகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. பிளாசிதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து உள்ளே போனாள். அப்போதுதான் வாசல் கேட் கிரீச்சிட்டது.

நிமியா. அவள் வருவது ஞாயிற்றுக்கிழமைதான். செவ்வாயில் வந்ததே இல்லை.

"என்ன அக்கா, மாமாகிட்ட சண்டையா?"

"ஏன்டா, சண்ட போட்டாத்தான் பொறந்த வீட்டுக்கு வரணுமா?" வேர்த்து வழிந்தபடி அம்மாவின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "பஸ்ஸுல நிக்கக்கூட எடமில்ல. ஊத்துடா, நாக்கு வறண்டு போச்சு. வாரா வாரம் இளைச்சுக்கிட்டே போறியேடா. போன வருஷம் நாற்காலிய ஒடச்ச. இந்த வருஷம் உன்னைக் கொடியில காயப் போடலாம் போலிருக்கு."

"நாற்காலிக்கும் எனக்கும் சமாதானம் ஆயிடுச்சு." அவன் ஊற்றி நீட்டினான். "இன்னிக்கு நான் கொழம்பு சாப்பிடப் போறேன், தெரியுமா?"

கொம்பை வாங்கிய நிமியா அப்படியே அவனைப் பார்த்தாள். "அம்மா ஆக்கினதா?"

"ஒரு கரண்டி. மேல கேட்டா குடுப்பாங்களோ என்னமோ."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்தாள். "அப்ப நான் நல்ல நாள் பாத்துத்தான் வந்திருக்கேன். அம்மா! அம்மாவ்! வெளிய வா. ஒண்ணு சொல்லணும். மூணு மாசம் தாண்டிடுச்சும்மா! இந்தத் தடவ நின்னுடுச்சு! டாக்டரம்மா நேத்து நெஞ்சுத் துடிப்பக் கேக்க வெச்சாங்க!"

நிமியாவுக்கு இதற்கு முன்னால் இரண்டு தங்காமல் போனது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

பிளாசிதா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். வாய் சிரித்தது, கண் அழுதது. "எம் பொண்ணே, மாதாவே, எம் பொண்ணே" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தவள் பாதியில் நின்றாள்.

நிமியாவின் கையில் கொம்பு. குழல் உதட்டில் பட்டுவிட்டது.

"குடிக்காத!"

கரண்டி பிடித்த கையாலேயே தட்டிவிட்டாள். கொம்பு எகிறிப் போய்ச் செம்மண்ணில் விழுந்தது. ஈர இலை சிதறியது.

"என்னம்மா, பேய் புடிச்சிடுச்சா?"

"குடிக்காத. அதுல மருந்து இருக்கு."

சொன்ன பிறகுதான் பிளாசிதாவுக்குத் தான் சொன்னது கேட்டது. டெர்லிஸின் பக்கம் திரும்பாமல் அவசரமாகச் சேர்த்தாள். "புள்ளத்தாச்சி குடிக்கக் கூடாத மருந்து. வயித்துக்கு ஆகாது."

நல்ல பொய்தான். மூலிகைக்காரி சொன்னால் ஊரே நம்பும். கர்ப்பிணிக்கு ஆகாத இலை அவள் கூடையிலேயே ஐந்தாறு உண்டு.

"எது?" என்றான் டெர்லிஸ்.

பிளாசிதா கரண்டியை முந்தானையில் துடைத்தாள்.

"எதும்மா ஆகாது? புதினா, எலுமிச்சைப்புல், வேலித்தழை. நான்தானே இடிச்சேன். போன வாரம் அந்த டீச்சரம்மா வயித்தத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. இதே மூணத்தான் நீ இடிச்சுக் குடுத்த. எது ஆகாது?"

வாழ்நாளெல்லாம் இலை விற்றவளுக்கு ஒரு இலையின் பெயர் வாயில் வரவில்லை.

நிமியாவுக்குத்தான் முதலில் புரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கூட்டி வந்த அன்று பாட்டிலைக் கையில் வாங்கியவள் அவள். "அம்மா... அந்தச் சொட்டா?" என்று மெதுவாகக் கேட்டாள். மெதுவாகக் கேட்டும் பிரயோசனமில்லை.

டெர்லிஸ் எழுந்து போய்க் கொம்பை எடுத்தான். ஒட்டிய மண்ணைச் சட்டையில் துடைத்தான். அவன் கத்துவான், எதையாவது உடைப்பான் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவன் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எப்பலேருந்து?"

"நீ வீட்டுக்கு வந்ததுலேருந்து."

"தெனமுமா?"

"ஞாயித்துக்கெழம மட்டும் போட மாட்டேன். அக்கா வருவாளே."

"ஞாயித்துக்கெழம மட்டும் எனக்கு மத்தியானத்துல தூக்கம் வராது. அக்கா வர்ற சந்தோஷம்னு நெனச்சேன்."

நிமியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீயும் குடிச்சியேம்மா."

"குடிச்சேன். நீ எத்தனையோ நானும் அத்தன."

"எதுக்கு?"

"உன் கண்ணு என் தொண்ட மேலயே இருந்துச்சே. நான் வேற என்ன பண்ணுவேன்?"

"அதான் கை நடுங்குதா?"

அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனாள், திருடி அகப்பட்ட குழந்தை மாதிரி.

"உனக்கென்ன பைத்தியமா?" நிமியா வெடித்தாள். "அவனுக்குன்னு குடுத்தத நீ குடிச்சிருக்க! உன் வயசென்ன, உன் உடம்பென்ன!"

"பைத்தியத்துக்கு இந்த வீட்ல ஏற்கெனவே ஆள் இருக்குக்கா" என்றான் டெர்லிஸ். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

"நீ செத்துக்கிட்டிருந்தப்பா" என்றாள் பிளாசிதா. "முட்டையும் வாழப்பழமும் தின்னுக்கிட்டு, கண்ணு குழிவிழுந்து, என் கண்ணு முன்னால செத்துக்கிட்டிருந்த. சொட்டு உள்ள போச்சு, நீ பேசின. சிரிச்ச. இன்னிக்குச் சாப்பாடு கேட்ட..."

"நான் தெனமும் உன்கிட்ட கேட்டேன்மா. தண்ணியில மருந்து போட்டாச்சான்னு தெனமும் கேட்டேன்."

"நானும் தெனமும் சொன்னேனேப்பா. போட்டாச்சுன்னு."

மாமரத்திலிருந்து ஒரு பழம் விழுந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"அவங்க சொன்னாங்க" என்றான். குரல்களைத்தான் அவன் அவங்க என்பான். "கலக்கறாங்கடான்னு சொன்னாங்க. இல்லவே இல்லன்னு நீங்க சொன்னீங்க. டாக்டரும் சொன்னாரு. எல்லாம் என் மண்டைக்குள்ளதான்னு நானும் ஒத்துக்கிட்டேன். அவங்களப் போய் நான் பொய்யனுங்கன்னு திட்டினேன்."

"டெர்லிஸ், இது விஷம் இல்லடா, இது..."

"தெரியும்கா. விஷம் இல்லன்னு தெரியும்." அவன் அம்மாவைப் பார்த்தான். "ஆனா அவங்க சொன்னது நெசந்தானே?"

பிளாசிதா ஓரடி முன்னால் வந்தாள். "கொழம்புல ஒண்ணுமில்லப்பா. மாதா மேல சத்தியமா ஒண்ணும் போடல. வெந்துடுச்சு. நான் மொதல்ல திங்கறேன், என் தட்டுல இருந்து ஒரே ஒரு கரண்டி..."

அவன் கொம்பை அவள் கையில் வைத்தான். நடுங்கும் விரல்களை, விழாமல் பிடித்துக்கொள்ளும்படி அதன்மேல் மடக்கி விட்டான்.

"நன்றிம்மா" என்றான்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சமையலறையில் தாயும் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். இருவரும் அடுப்பை அணைக்கவில்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

"டாக்டர்கிட்ட சொல்லணும்மா. திடீர்னு நிறுத்தினா என்ன ஆகும்னு கேக்கணும். உன் கையையும் காட்டணும்."

"சொன்னா அவன மறுபடி அங்க கூட்டிட்டுப் போவாங்க. அங்க அவன் என்ன தின்னான் தெரியுமா? ஒண்ணும் தின்னல. மூக்குல குழாய் விட்டாங்க." பிளாசிதா மகளின் வயிற்றைப் பார்த்தாள். அதைத் தொடக் கை நீண்டு பாதியில் நின்றது. "உள்ள போச்சா? ஒரு வாயாவது?"

"உதட்டுல பட்டுச்சு. அவ்வளவுதான்."

"நெசமா?"

"நெசம்மா."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு யோசிக்க நேரமில்ல நிமியா. அவன் முகத்தப் பாத்தேன், உன் வாயப் பாத்தேன். ரெண்டுல ஒண்ணு..."

நிமியா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நடுங்கும் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது இந்த இடத்தில் அம்மா சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

பிற்பகலில் முற்றத்தில் விழுந்து கிடந்த மாம்பழத்தை எடுத்துக்கொண்டு தம்பியின் கதவைத் தட்டினாள்.

"டெர்லிஸ், மாம்பழம்டா. நீ பாக்கத்தானே விழுந்துச்சு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நீயா பொறுக்கின?"

"ஆமா."

"அப்ப வேணாம்கா."

அவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் அவன் அக்காவைச் சந்தேகப்பட்டதே இல்லை.

"அக்கா."

"சொல்லுடா."

"உனக்குப் பொறக்கப் போறதுக்கு எத ஊட்டினாலும் பேரச் சொல்லி ஊட்டு. கசப்பா இருந்தாலும் கசப்புன்னு சொல்லு."

"சொல்றேன்டா."

"துப்பும். துப்பட்டும். மறுபடி சொல்லிட்டு ஊட்டு."

கடைசிப் பஸ்ஸுக்கு முன்னால் நிமியா கிளம்பினாள். கேட் வரைக்கும் வந்த பிளாசிதா, "செல்சோ மாப்பிள்ளைகிட்ட எதையும் சொல்லாத" என்றாள். நிமியா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

குழம்பு அப்படியே இருந்தது. மிஞ்சினதை எப்போதும் கோழிக்குத்தான் ஊற்றுவாள். கோழிக் குழம்பைக் கோழிக்கு ஊற்ற மனசு வரவில்லை. சட்டியோடு தூக்கி வேலிக்கு மேலே லியோன்சியோ வீட்டில் கொடுத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் லியோன்சியோ வேலியோரம் வந்து, கையை நக்கிக்கொண்டே, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட்டான்.

"ஞா பிளாசிதா! தேவாமிர்தம்! அப்படி என்னத்தப் போட்டீங்க இதுல?"

டெர்லிஸின் அறை ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. அது மூடிக்கொண்டது.

பிளாசிதா முட்டை அவித்தாள். ஓடு ஒன்றுகூட விரிசல் விடாமல் பார்த்து எடுத்து, கிண்ணத்தில் போட்டு அவன் கதவோரம் வைத்தாள். "முட்ட வெச்சிருக்கேன்ப்பா. ஓட்டோட" என்றாள். பிறகு மாதா சிலைக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்தாள். சாக்கடையில் ஊற்றக் கொண்டு போனாள், ஊற்றவில்லை. சாப்பாட்டு மேசையின் நடுவில், உப்புக்குப் பக்கத்தில், மருந்தின் பெயர் எழுதின பக்கம் வெளியே தெரியும்படி வைத்தாள்.

அன்று அவளும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை முட்டைகள் கதவோரம் அப்படியே இருந்தன. பாட்டில் உப்புக்குப் பக்கத்தில் இருந்தது. டெர்லிஸ் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். சுவரில் தொங்கிய அப்பாவின் கொம்பு அவன் கையில் இருந்தது. குழாயில் தண்ணீர் பிடித்து வந்து, முதல் கொம்பைத் தோமையாருக்கு ஊற்றினான். இரண்டாவதை அவன் குடித்தான். மூன்றாவதையும் அவனே குடித்தான். பிளாசிதா நேற்றுவரை இருவரும் மாறி மாறிக் குடித்த கொம்பை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

"தண்ணியில மருந்து போட்டாச்சா?"

"இல்ல" என்றான்.